வண்டிச் சத்தம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார். தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதுமே டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. என் கணவர் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவர். ஆனாலும் அவர் வண்டி வாசலில் நின்றால் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. இரண்டு மாதம் நன்றாக இருந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டில் அடிதடி. மறுபடி பழைய கதைதான். நேற்று வண்டிச் சத்தம் கேட்டு என் ஐந்து வயது மகள் ஓடிப்போய் டிவியை அணைத்தாள். நான் மாறவே மாட்டேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மாறலாம். பழைய பயத்தைத் துடைத்து எறிய வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ‘அதான் அவர் போய்விட்டாரே, மறந்துவிடு’ என்பவர்கள் சொல்வதையும் காதில் வாங்காதீர்கள்.

ஒரு சத்தத்தோடு சோறு கொடுத்துப் பழக்கிய நாய்க்கு, பிறகு சத்தம் மட்டும் கேட்டுச் சோறு வராமலே போனால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் மறுபடி ஊறும். ரஷ்ய உடலியல் விஞ்ஞானி பாவ்லோவ் கண்டது இது. பழைய பாடம் உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் புதுப் பாடம் ஒன்று ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். 1924-இல் லெனின்கிராட் வெள்ளத்தில் அவருடைய நாய்கள் கூண்டுக்குள் மூழ்கும் நிலைக்குப் போய் மீட்கப்பட்டன. அதில் தேறி வந்த ஒரு நாய், பின்னொரு நாள் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து வந்ததும் மறுபடி நிலைகுலைந்தது. பக்கத்து வீட்டுச் சண்டை உங்களுக்கு அந்தத் தண்ணீர்.

அதே 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். இரண்டே முக்கால் வயது தாண்டிய பிள்ளை. முயலைக் கண்டால் அலறுவான். பஞ்சுக்கும் கம்பளி ரோமத்துக்கும்கூட பயம். பயமில்லாத குழந்தைகளோடு விளையாடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டு வந்தார். நடுவில் அவனுக்குக் காய்ச்சல், ஏறக்குறைய இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. வீடு திரும்பும்போது பெரிய நாய் ஒன்று அவன்மேல் பாய்ந்தது. பட்ட பாடெல்லாம் போயிற்று. ஜோன்ஸ் கைவிடவில்லை. பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உட்காரவைத்தார். அவன் சாப்பிடுவது தடைப்படாத தூரத்தில் முயல் கூண்டை வைத்தார். நாளுக்கு நாள் சற்றே பக்கத்தில். கடைசியில் அந்த முயல் தன் விரலைக் கொறிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான் பீட்டர்.

இதில் அந்தத் தூரம்தான் முக்கியம். தூரத்தை முடிவு செய்தது முயல் அல்ல, பீட்டரின் வாய்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று அவர் இத்தனை நாள் உள்ளுக்குள் வாடியிருக்கலாம். சொல்லி வைத்த நேரத்தில் அவர் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். நீங்களும் மகளும் பஜ்ஜியோ எதுவோ சாப்பிட்டுக்கொண்டிருங்கள், டிவி ஓடட்டும். அது பழகியபின் நாலு வீடு தள்ளி, பிறகு வாசலில். ஒரு நாள் முடியவில்லையா, மறுநாள் ஒரு வீடு பின்னால் போங்கள்.

அடிபட்ட நாட்களே கண்முன் வந்து தூக்கம் கெட்டால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்தால் தூரத்தை அளப்பது எளிது.

ரிமோட் மட்டும் முதல் நாளிலிருந்தே மகள் கையில் இருக்கட்டும்.