டிசம்பரில் அம்மா அப்பாவுடன் டிராகன்ஸ்பர்க்: தெண்டெலே போங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைக்கு டர்பனிலிருந்து 3 இரவு, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் உங்களுக்கு மலை நடை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ராயல் நட்டால் பூங்காவிலுள்ள தெண்டெலே குடில்களைப் பாருங்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே ஆம்ஃபிதியேட்டர் பாறைச்சுவர் முழுதாகத் தெரியும். அம்மாவுக்கு அதுவே போதும். பதிவு செய்யும்போதே படி குறைவான குடிலாகக் கேட்டுவிடுங்கள்.

அவரோடு மஹாய் ஓடைக்கரையில் கேஸ்கேட்ஸ் வரை மெல்ல நடக்கலாம். உங்களுக்கு டுகேலா பள்ளத்தாக்கு. போய்வர சுமார் 14 கிலோமீட்டர், கடைசியில் ஆற்றுப் பாறைகளைத் தாண்டவேண்டும். நேரம் இருந்தால் 948 மீட்டர் டுகேலா அருவியை அண்ணாந்து பாருங்கள், மழைக்காலத்தில்தான் அது நன்றாக விழும்.

ஆனால் டிசம்பரில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் சட்டென்று வரும். தயவுசெய்து விளையாட்டாக எடுக்காதீர்கள். விடியற்காலை கிளம்பி, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். ஆற்றில் நீர் ஏறியிருந்தால் அங்கேயே திரும்புங்கள்.

சமையலறை உண்டு. அரிசி, பருப்பு, புளி எல்லாம் டர்பனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறி பெர்க்வில் ஊரில் கிடைக்கும். அப்புறம் பபூன் என்கிற பெரிய குரங்கு! ஒரு தடவை ஜன்னலைச் சாத்தாமல் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேசையில் வாழைப்பழத் தோல், தரையெல்லாம் சிந்திய ரசப்பொடி, அதில் விரல் தடம். அறையை விட்டு வெளியே போகுமுன் எல்லா ஜன்னலையும் தாழ் போடுங்கள்.

இரவில் குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை நேரம், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். இந்த வாரமே பதிவு செய்யுங்கள்.