வாசகர் கேள்வி பதில்: மருந்தடித்த கையும் கைப்பேசியும்

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை அவர் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்கிறது. கை கழுவும் சானிடைசர் ஜெல்லால் துடைத்துக் கொடுக்கிறேன். போதுமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: போதாது அம்மா. ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். களைக்கொல்லியை ஒன்றும் செய்யாது. மருந்தைத் துடைத்து எடுத்தால்தான் போகும். ஜெல்லில் கெட்டிப்படுத்தும் பொருள் கலந்திருப்பதால் திரையில் பிசுக்கும் படியும்.

கையுறை போட்டுக்கொண்டு, கைப்பேசியை அணைத்து, உறையைக் கழற்றுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு, மெல்லிய துணியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து துடையுங்கள். சார்ஜர் துளைப்பக்கம் ஈரம் போகக்கூடாது. பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை. சிலிக்கோன் உறையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். துடைத்த துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கிருமிக்கு மருந்து இதற்கு அப்புறம்தான். பார்மசியில் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். 99 விழுக்காடு இன்னும் வீரியமானது என்று பலர் வாங்குகிறார்கள். அது சட்டென ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் கலந்திருக்க வேண்டும். துணியில் தெளித்துத் துடையுங்கள், கைப்பேசிமேல் நேராக வேண்டாம். திரை அரை நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்பு, சாமிவிளக்குப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள். குளோராக்ஸ் போன்ற ப்ளீச் கூடவே கூடாது, திரையின் எண்ணெய் ஒட்டாப் பூச்சு போய்விடும்.

இத்தனை பாடும் குறைய ஒரு வழி: வேலைக்குப் போகும்போதே கைப்பேசியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுங்கள். பைக்கு மேலேயே திரையைத் தொட்டுப் பேசலாம். வேலை முடிந்து, கையைச் சோப்பால் கழுவிய பிறகு வெளியே எடுக்கட்டும். அந்தப் பை வீட்டுக்குள் வர வேண்டாம்.

கேள்வி: கைப்பேசியில் மலக்கிருமி இருக்கும் என்கிறார்களே, மெய்யா?
(வாசகர், கூலிம்)

பதில்: மெய்தான். 2011-இல் பிரிட்டனின் 12 நகரங்களில் சோதித்தபோது, ஆறில் ஒரு கைப்பேசியில், குடலில் வாழ்ந்து மலத்தோடு வெளிவரும் ஈ கோலி கிருமி இருந்தது. அது சரியாகக் கழுவாத கையிலிருந்து வருவது. கைப்பேசியைக் கழிவறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் 20 விநாடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வாந்திபேதி தரும் நோரோ வைரசுக்கு ஆல்கஹால் அவ்வளவாகப் பயன்படாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

கேள்வி: ரப்பர்ப் பால் திரையில் காய்ந்துவிட்டது. தின்னர் போடலாமா?
(வாசகர், பாலிங்)

பதில்: வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிடும். விரல் நுனியால் மெல்ல உருட்டுங்கள், சுருண்டு வந்துவிடும்.