பிள்ளை யார் பற்றில்?

அன்புள்ள அம்மாவுக்கு,

மதுரைப் பக்கத்திலிருந்து திருமணமாகி, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் இங்கேயே பிறந்தவர். சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம்; மகளுக்கு எட்டு மாதம். பேறுகால விடுப்பின் நான்கு மாதங்களுக்கும் அலுவலகம் சம்பளம் தரவில்லை, கிரெடிட் கார்டில் ஓட்டினோம். இப்போது வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலைக்குப் போகிறேன். 9,200 ராண்டாக இருந்த என் சம்பளம் 6,100 ஆகிவிட்டது. கிரெஷ் என்னும் பிள்ளைக் காப்பகத்துக்கு 2,600, டாக்சிக்கு 900, பால் பவுடருக்கும் நாப்பிக்கும் 1,700 போனால் மிஞ்சுவது 900. கணவருக்கு 14,500 வருகிறது. "இந்த 900 ராண்டுக்காகவா பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறாய்?" என்று கேட்கிறார். யு.ஐ.எஃப். என்னும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து வரும் பேறுகாலப் பணத்துக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. யார் போய் வரிசையில் நிற்பது என்று விட்டுவிட்டோம். மளிகை, டிஎஸ்டிவி தொலைக்காட்சிச் சந்தா, தனியார் மருத்துவரிடம் போடும் தடுப்பூசி, ஈமக் காப்பீடு, ஊருக்கு அனுப்பும் பணம், இவற்றில் எதை முதலில் குறைக்கலாம் என்று சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உன் கடிதம் வந்த வாரத்தில், நவம்பர் 16ஆம் நாள் கூட்டமொன்றில் பேசுவதற்காக, 1860-இல் அதே நாளில் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்திறங்கியவர்களின் கூலியைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. பின்னாளில், ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாமல் தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தார்கள் அல்லவா, அதை மட்டும் பெண்ணிடமும் குறைக்காமல் கேட்டார்கள். கூலி கொடுக்கும்போது அரை ஆள், வரி கேட்கும்போது முழு ஆள். 1913-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல் அந்த வரி ஒழிந்தது. அப்படிக் கணக்கு எழுதுகிற புத்தி ஒழியவில்லை என்பதற்கு உன் கடிதத்தில் இருக்கும் 900 ராண்டே சாட்சி.

நீ கேட்ட பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். தடுப்பூசியை நகராட்சி கிளினிக்கில் இலவசமாகப் போடுகிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவம் 1994 முதலே இலவசம். நாற்காலி மெத்தென்று இருக்கிறது என்பதற்காகத் தனியார் மருத்துவருக்குப் பணம் கட்டாதே. டிஎஸ்டிவியைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம். ஈமக் காப்பீட்டைத் தொடாதே. ஏன் என்று உன் மாமியார் சொல்வார். ஊருக்கு அனுப்பும் பணம் உனக்கும் உன்னைப் பெற்றவளுக்கும் இடையில் உள்ளது, அதில் நான் தலையிட மாட்டேன். பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை 2025 ஏப்ரலில் 560 ராண்ட் ஆனது. அப்போதைய விதிப்படி கணவன் மனைவி இருவருக்குமாக மாதம் 11,200 ராண்டுக்குமேல் வருமானம் இருந்தால் அது கிடைக்காது; உங்கள் வருமானம் அதைவிட மிக அதிகம் என்பதால் அந்தப் பேச்சையும் விட்டுவிடலாம்.

மளிகையில் மட்டும் ஒன்றைக் கவனி. பழுப்பு ரொட்டி, சோள மாவு, அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், முட்டை, பால், காய்கறி, டின்னில் வரும் பில்சர்ட் மீன் ஆகியவற்றுக்கு வாட் வரி இல்லை. டின் மீன் குழம்பும் ஷுகர் பீன்ஸ் கறியும் இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் இத்தனை காலம் நிலைத்திருப்பது ருசிக்காக மட்டும் அல்ல. நாப்பிக்கும் கைக்குழந்தைக்கான ஃபார்முலா பால் பவுடருக்கும் 15 சதவீதம் வரி உண்டு. நாப்பிக்கு வரி வேண்டாம் என்று 2018-இல் நிதியமைச்சு அமைத்த குழுவே பரிந்துரைத்தது. 2019 ஏப்ரலில் மாவு வகைகளுக்கும் மாதவிடாய் அணையாடைக்கும் வரியை நீக்கிய அரசு, நாப்பியை அப்படியே விட்டுவிட்டது. ரொட்டி இல்லாமல் வாழ முடியாதென்று தெரிந்தவர்களுக்குப் பிள்ளை ஈரம் செய்யும் என்பது மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது.

இப்போது உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. யு.ஐ.எஃப். பணத்தை விட்டுவிட்டோம் என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டாய். அது யாரும் போடும் பிச்சை இல்லை. ஒவ்வொரு மாதமும் உன் சம்பளத்தில் ஒரு சதவீதத்தைப் பிடித்து, முதலாளி தன் பங்காக இன்னொரு சதவீதத்தைச் சேர்த்துக் கட்டிய உன் சொந்தப் பணம். பேறுகாலத்துக்கு 17.32 வாரங்கள் வரை, சம்பளத்தில் 66 சதவீதம். உன் 9,200-க்கு அது மாதம் 6,072. நான்கு மாதத்துக்கு ஏறக்குறைய 24,000 ராண்ட். பிள்ளை பிறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். உனக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. முதலாளி நிரப்பித் தர வேண்டிய யு.ஐ.-19 படிவத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்கு, இழுத்தடித்தால் அவர்கள் மேசைமுன் போய் நில். இணையத்தில் விண்ணப்பிக்க யூஃபைலிங் தளம் இருக்கிறது, அது மக்கர் செய்தால் தொழிலாளர் அலுவலகத்தின் வரிசை இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு வட்டி கட்டத் துணிந்தவர்களுக்கு ஒரு நாள் காலையில் வரிசையில் நிற்கக் கால் வலிக்குமா?

என்னைத் தூங்கவிடாதது அந்த 900. தாளை எடுத்து மறுபடியும் எழுது. நீ வேலையை விட்டால் கிரெஷ் 2,600 நிற்கும், டாக்சி 900 நிற்கும். பால் பவுடரும் நாப்பியும் நிற்குமா? நீ வீட்டில் இருந்தாலும் பிள்ளை குடிக்கும், நனைக்கும். ஆகவே நீ வேலையை விட்ட மாதத்திலிருந்து வீடு இழக்கப்போவது 900 அல்ல, 2,600 ராண்ட். நாற்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு, இந்தக் கழித்தலைப் போட்டவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று. கிரெஷை ஏன் உன் சம்பளத்தில் மட்டும் கழித்தாய்? பிள்ளை கிரெஷில் இருப்பதால்தானே அவரும் காலையில் சட்டையை மடித்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்? வீட்டுக்கு வரும் 20,600-இல் உன் பங்கு முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த விகிதத்தில் பிரித்தால், பிள்ளைக்கு ஆகும் 4,300 ராண்டில் உன் பங்கு ஏறக்குறைய 1,270, அவர் பங்கு 3,030. அவ்வளவையும் நீ உன் தலையில் எழுதிக்கொண்டு, மீதி குறைந்துவிட்டதே என்று அழுகிறாய்; அவர் அந்த மீதியைக் காட்டி உன்னை வீட்டில் உட்காரச் சொல்கிறார். குறைந்தது உன் சம்பளம் இல்லை, வீட்டின் வருமானம். அந்த வாக்கியத்தை நீ அவரிடம் சொன்னாயா?

1962-இல் என் தம்பி பிறந்தபோது எனக்குப் பத்து வயது. நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் இருந்தோம். அம்மா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வயிறு வெளியே தெரிந்த வாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கடையில் எங்களுக்குப் பற்றுப் புத்தகம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு ஒரு தாள்: அரிசி, பருப்பு, எண்ணெய், அவருடைய சிகரெட். அம்மா சம்பாதித்த காலத்தில் கடைக்காரர் அவளுக்கென்று அடுத்த தாளை ஒதுக்கியிருந்தார். வேலை போன பிறகும் அந்தத் தாள் போகவில்லை. கிரைப் வாட்டர், பால் டின், நாப்பிக்கு வெள்ளைத் துணி எல்லாம் அதில்தான் ஏறின. சம்பள நாளில் அப்பா தன் தாளை அடைத்துவிட்டு, "என் பற்று தீர்ந்தது" என்று நிம்மதியாக வருவார். அவர் கொடுமைக்காரர் அல்லர், தம்பியைத் தோளைவிட்டு இறக்க மாட்டார். அடுத்த தாளைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. அம்மா இரவில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்து அந்தத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் ஊசிக்கண்ணில் நூல் கோப்பது என் வேலை.

ஒரு சம்பள நாளன்று, அப்பாவைப் பெற்ற ஆயா அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு தாளில் எழுத்து பாதியில் நிற்பதும் மற்றதில் அடிவரை இறங்கியிருப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. தம்பியின் இடுப்பிலிருந்த நாப்பி ஊக்கைக் கழற்றி, இரண்டு தாள்களையும் சேர்த்துக் குத்தி, அப்பாவின் கையில் கொடுத்தாள். "பிள்ளை ஒன்றுதானேடா, தாள் எதற்கு ரெண்டு?" என்றாள். அப்பா எதுவும் பேசாமல் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இல்லை. அந்த ஊக்கை எடுக்கக் கடைக்காரருக்கும் துணிவு வரவில்லை. மூன்றாவது தாளிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றாகவே எழுதினார்.

உன் கணவரும் நல்ல மனிதராகவே இருக்கட்டும். கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நீ போகும் டாக்சிக்கு 900 என்று எழுதியிருக்கிறாய். அவர் எதில் போகிறார், காருக்கு மாதம் எவ்வளவு தவணை கட்டுகிறார், அவருடைய 14,500-இல் எது எதற்குப் போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. யு.ஐ.எஃப். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு எனக்கு எழுது. அப்போது இதையும் கேட்டு எழுது.