வயல் மூலையில் உப்புப் பூக்கிறது. சாட்டிலைட் படம் சாட்சி சொல்லுமா?

கேள்வி: நாகை மாவட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் வயல். பக்கத்தில் இறால் குட்டை வெட்டிய பிறகு கிழக்கு மூலையில் உப்புப் பூக்கிறது. ‘சாட்டிலைட் ரிப்போர்ட்’ இருந்தால் நஷ்டஈடு நிச்சயம் என்று ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் தரப்போகும் பச்சை, சிவப்புப் படம் இலவசமாகவே கிடைப்பது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்த படங்கள் 2015-லிருந்து ‘கோப்பர்நிக்கஸ் பிரவுசர்’ என்ற இணையதளத்தில் இருக்கின்றன. பத்து மீட்டர் சதுரம் ஒரு கட்டம். உங்கள் வயலுக்குச் சுமார் 120 கட்டங்கள் வரும். மூலை வெளுத்தது எந்த வருடம் என்று பார்க்க அது போதும். கணினி தெரிந்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு மாலை வேலை.

ஆனால் அந்தப் பச்சை, சிவப்பு பயிரின் பசுமையைத்தான் காட்டும், உப்பை அல்ல. ஏமாற்று நடப்பதே இங்குதான். மார்கழிப் படத்துக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த பங்குனிப் படத்தை வைத்து, “நிலம் செத்துப்போச்சு பாருங்க” என்பார்கள். அறுத்த வயல் எந்த ஊரிலும் சிவப்பாகத்தான் தெரியும். மார்கழியை மார்கழியோடு ஒப்பிடுங்கள். அதிலும் ஒன்று: மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காமல் நடவு தள்ளிப்போன வருடத்தில், அதே மார்கழியிலும் பயிர் இளசாக இருக்கும், நிறம் மாறும். அதனால் குட்டைக்குத் தள்ளி இருக்கிற ஒரு நல்ல வயலையும் சேர்த்தே பாருங்கள். இரண்டும் மங்கினால் தண்ணீர்ப் பிரச்சினை. உங்கள் மூலை மட்டும் வருடா வருடம் மங்கினால் குட்டையைச் சந்தேகிக்கலாம்.

உறுதி செய்வது மண் ஆய்வு. குட்டைக் கரையிலிருந்து பத்து, முப்பது, அறுபது மீட்டரில் தனித்தனியாக மண் எடுங்கள், கலந்துவிடாதீர்கள். விலக விலக உப்பு குறைந்தால் அதுதான் உங்கள் பலமான ஆதாரம்.

இஸ்ரோ 2021-ல் வெளியிட்ட நிலச் சீரழிவு அட்லஸைக் காட்டி, “உங்க ஊர் இதுல இல்லையே” என்று ஒரு விவசாயியைத் திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம் சீரழிந்திருக்கிறது என்று சொல்கிற நல்ல ஆவணம் அது. ஆனால் அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். மூன்று ஏக்கரை அதில் தேடச் சொல்வது என்ன நியாயம்?

சரி, மண் ஆய்வு முடிவு, படங்கள், புல வரைபடம் மூன்றையும் இணைத்து ஆட்சியருக்கு மனு கொடுங்கள். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான மாவட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குட்டை பதிவு பெற்றதா என்றும் அதிலேயே கேளுங்கள். மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள்.