படங்களில் வந்த கோட்டைகளைப் பார்ப்பதற்காகவே பயணம் செல்வது செலவுக்குத் தகுந்ததா?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் பிரிட்டன் சென்று, ஹாரி பாட்டர் படங்களிலும் டௌன்டன் ஆபி தொடரிலும் வந்த கோட்டைகளைப் பார்த்துவர நினைப்பதாகவும், அவ்வளவு செலவழித்துப் போய் ஏமாற்றம்தான் மிஞ்சுமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், டிசம்பரில் மட்டும் வேண்டாம். ஹாரி பாட்டர் படிக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் வெளித்தோற்றமாக முதல் இரண்டு படங்களில் வந்த, வட இங்கிலாந்தின் ஆனிக் கோட்டை அக்டோபர் இறுதியில் மூடப்பட்டால் மார்ச் இறுதியில்தான் மீண்டும் திறக்கும். 1309ஆம் ஆண்டு முதல் பெர்சி குடும்பத்தின் கையில் இருக்கும் அந்தக் கோட்டையில் நார்தம்பர்லாந்து கோமகனின் குடும்பம் இன்றும் குடியிருக்கிறது. டௌன்டன் ஆபி மாளிகையாக நடித்த, தென் இங்கிலாந்தின் ஹைகிளியர் கோட்டையும் ஒரு பிரபுவின் சொந்த வீடுதான். அது திறந்திருக்கும் நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், முதலில் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டுப் பிறகு விமானச் சீட்டு வாங்குவதே முறை.

ஜூன் விடுமுறை இதற்கு மிகவும் ஏற்றது. அந்த மாதத்தில் ஸ்காட்லாந்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். இங்கே சிங்கப்பூரில் பயணக் கண்காட்சிகளில் விற்கப்படும் தொகுப்புகளில் கோட்டையின் பெயர் இருந்தால், உள்ளே அழைத்துச் செல்வார்களா, அல்லது பேருந்தை நிறுத்திப் படமெடுக்க இருபது நிமிடம் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் பிரிட்டன் செல்ல 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். இந்தியக் கடப்பிதழ் உள்ள நிரந்தரவாசிகளுக்கு வழக்கம்போல் விசா தேவை.

ஏமாற்றத்தைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. திரையில் ஒரே கட்டடமாகத் தெரிவது பெரும்பாலும் ஒட்டுப்போட்டது. ஆனிக் கோட்டையின் புல்வெளியில் பிள்ளைகள் துடைப்பத்தில் பறக்கக் கற்றார்கள். அவர்கள் நடந்துசென்ற தாழ்வாரங்களில் சில, அங்கிருந்து வெகு தொலைவிலுள்ள கிளாஸ்டர் பேராலயத்தில் இருக்கின்றன. மாடிப்படி ஆக்ஸ்ஃபர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் இருக்கிறது. உணவு உண்ணும் அந்தப் பெரிய மண்டபமோ லண்டனுக்கு அருகே லீவ்ஸ்டன் படப்பிடிப்பு நிலையத்தில் போட்ட அரங்கு. ஹைகிளியரிலும் இதே கதைதான். மாடியில் பிரபுக்கள் விருந்துண்ணும் காட்சிகள் உண்மையான அறைகளில் எடுக்கப்பட்டவை. கீழே பணியாளர்கள் ஓடியாடும் சமையலறை ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தில் அமைக்கப்பட்டது. தொடரைப் பார்த்து அந்தச் சமையலறையைத் தேடிப் போகிறவர்களுக்கு, நிலவறையில் எகிப்தியக் கண்காட்சிதான் காத்திருக்கும். 1922இல் எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்த அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவர் இந்த வீட்டின் ஐந்தாம் கார்னர்வன் பிரபு. என் கருத்தில் தொடரைவிட அதுவே சுவையான கதை. மற்றபடி, ஹைகிளியர் பெயரளவில்தான் கோட்டை. லண்டன் நாடாளுமன்றத்தை வடிவமைத்த சார்லஸ் பாரி 19ஆம் நூற்றாண்டில் மாற்றிக் கட்டிய மாளிகை அது. போருக்காகக் கட்டப்பட்டதல்ல.

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஸ்காட்லாந்தின் டூன் கோட்டைக்குச் செல்லுங்கள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசருக்குப் பதிலாக ஸ்காட்லாந்தை ஆண்ட ஆல்பனி கோமகன் ராபர்ட் ஸ்டூவர்ட்டுக்காகக் கட்டப்பட்டது. ஹாரி பாட்டரில் பல இடங்கள் சேர்ந்து ஒரு பள்ளியாயின என்றால், இங்கே நடந்தது தலைகீழ். 1975இல் வெளிவந்த மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் ஆர்தர் அரசர் படத்துக்கு வேறு பல கோட்டைகளில் அனுமதி மறுக்கப்பட்டதால், டூனின் ஒவ்வொரு பக்கத்தையும் வெவ்வேறு கோட்டையாகக் காட்டி ஒப்பேற்றினார்கள். பிற்காலத்தில் அவுட்லேண்டர் தொடரில் லியோக் கோட்டையாக வந்ததும் இதுவே. அங்கே தரப்படும் ஒலி வழிகாட்டியில் பேசுபவர், அந்த நகைச்சுவைப் படத்தை இயக்கியவர்களுள் ஒருவரான டெர்ரி ஜோன்ஸ். வரலாற்றையும் படப்பிடிப்புக் கூத்தையும் அவர் கலந்து சொல்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குதிரை வாங்கப் பணமில்லாமல் கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்பிய படம் என்பதால், ரசிகர்கள் அங்கே கொட்டாங்கச்சியும் கையுமாகத் திரிவார்கள். தேங்காய் துருவிய கையோடு அதைக் குப்பைக்கு அனுப்பும் நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அங்கே சமையலறையில் சற்று நேரம் நில்லுங்கள். ஐந்து மீட்டருக்கும் அதிக அகலமான வளைவின் கீழ் அடுப்பு இருந்த இடம், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையையே உள்ளே வைத்துவிடும் அளவுக்குப் பெரியது. எதிரே, சமைத்த உணவை மண்டபத்துக்குக் கைமாற்றிக் கொடுக்கும் திறப்புகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலான அறைகளில் தட்டுமுட்டுச் சாமான் கிடையாது; வெறுங்கல்தான். மண்டபங்களின் கூரை 1880களில் புதுப்பிக்கப்பட்டது. ஊரில் ரயில் நிலையம் இல்லாததால், ஸ்டர்லிங் வரை ரயிலில் சென்று பேருந்து பிடிக்க வேண்டும்.

டிசம்பரை விட்டால் வேறு விடுப்பே கிடைக்காது என்றால், பிரிட்டனைத் தள்ளிவைத்துவிட்டு ஜப்பானின் ஹிமேஜி கோட்டையை எண்ணிப் பாருங்கள். ஒசாகாவிலிருந்து சாதாரண விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். 1967இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்திலும், அகிரா குரோசாவாவின் படங்களிலும் இடம்பெற்றது. குரோசாவா 1985இல் எடுத்த 'ரான்' படத்தில் தீப்பற்றி எரியும் கோட்டை மட்டும் ஃபூஜி மலைச்சரிவில் அதற்கென்றே கட்டிய அரங்கு. ஹிமேஜியில் காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஏணி போன்ற செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். சுவர்களில் அம்புக்கும் துப்பாக்கிக்குமாக முக்கோணம், வட்டம், சதுரம் என்று வெட்டிய துளைகள் வழியே, ஏறிவந்த பாதையையே எதிரியின் பாதையாகப் பார்க்கலாம். டிசம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களும் கோட்டை மூடியிருக்கும்.

பொன்னியின் செல்வன் பார்த்துவிட்டு, அந்த அரண்மனைகள் தஞ்சையில் எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்டிருந்தால், அவர்களை மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவுக்கு அழைத்துச் செல்லலாம். படத்தின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கதைக்கு 17ஆம் நூற்றாண்டு புந்தேலா அரசர்களின் மாளிகையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் சோழர் அரண்மனை எதுவும் இன்று நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளம்தான் எஞ்சியிருக்கிறது. ஓர்ச்சாவுக்கு ஜான்சி ரயில் நிலையத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும். டிசம்பரில் அங்கே வெயில் இதமாக இருக்கும். காலையில் மட்டும் குளிருக்கு ஒரு சட்டை வேண்டும்.