மாற்றுச் சாவி கையில் இருக்கிறது, வண்டியை எடுத்து வந்துவிடலாமா?

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் 1996 மாடல் பென்ஸ், அப்பச்சி ஆசையாக வாங்கியது. இப்போது ஆர்.சி. என் பேரில். ரேடியோவைப் போட்டால் ஆன்டெனா பாதியில் நின்றுவிடும், உள்ளே மோட்டார் மட்டும் 'கிர்ர்' என்று ஓடும். காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மோட்டாரை மாற்றி ரூ.11,500 பில் போட்டார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது, அதனால் பணம் தரவில்லை. தம்பி வண்டியின் பழைய பாக்கி ரூ.3,000-ஐயும் சேர்த்துக் கட்டினால்தான் வண்டி என்கிறார் கடைக்காரர். 20 வருஷப் பழக்கம், இப்படிச் செய்வார் என்று நினைக்கவே இல்லை. முன்னோருக்கு வீட்டில் செய்யும் படைப்புக்கு வண்டி வேண்டும். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது.

பதில்: எடுக்காதீர்கள்.

பழக்கம், அப்பச்சி ஞாபகம், படைப்பு எதுவும் வழக்குக்கு உதவாது. வேலை செய்த கூலி பாக்கி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நின்றால், ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவுப்படி பணம் வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வண்டியில் செய்த வேலைக்கு மட்டும்தான். தம்பி வண்டியின் 3,000-க்காக உங்கள் வண்டியைப் பிடித்துவைக்க முடியாது.

ஆர்.சி. உங்கள் பேரில் இருப்பதால் தைரியமாக இருக்கிறீர்கள். திருட்டைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆம் பிரிவில் ஒரு உதாரணம் உண்டு, பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தது: ரிப்பேருக்குக் கொடுத்த சொந்தக் கைக்கடிகாரத்தை, கூலி பாக்கி நிற்கும்போது, அதற்கு ஈடாக வைத்திருப்பவரிடமிருந்து எடுத்தால் அது திருட்டு. கடிகாரத்துக்குச் சொன்னது பென்ஸுக்கும் பொருந்தும்.

தேவகோட்டைக்காரர் ஒருவர், ஞாயிறு மதியம் கடைப்பையன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வண்டியை ஓட்டி வந்துவிட்டார். சாயங்காலமே புகார். பில் 8,000 ரூபாய்தான். முன்ஜாமீனுக்கு என்னிடம் வந்தபோது அதைவிடக் கூடுதலாகச் செலவழித்திருந்தார். 'பில்லே தப்பு, நான் கடனாளி இல்லை' என்பது நல்ல வாதம்தான். ஆனால் அதை ஸ்டேஷனில் கேட்கமாட்டார்கள். கோர்ட்டில், சில வருஷம் கழித்துக் கேட்பார்கள். அதற்குள் நுகர்வோர் வழக்கில் புகார்தாரராக நின்றிருக்க வேண்டியவர், கிரிமினல் வழக்கில் எதிரியாகியிருந்தார்.

உங்கள் கேஸில் சரக்கு இருக்கிறது. மோட்டார் ஓடி ஆன்டெனா கம்பி நகராவிட்டால், பெரும்பாலும் கம்பியோடு போகும் நைலான் கயிற்றின் பல் தேய்ந்திருக்கும். மேல் நட்டைக் கழற்றி, ரேடியோவைப் போட்டு பழைய கம்பியை வெளியே தள்ளவிட்டு, புதியதன் பல்லை மோட்டார் பக்கம் பார்க்க நுழைத்து, ரேடியோவை அணைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சத்தமே வராவிட்டால்தான் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று போக வேண்டும். கடையில் விடுவதற்கு முன் அந்தச் சத்தத்தை வீடியோ எடுத்திருந்தால், ஓடிய மோட்டாரை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கலாம். அந்த வீடியோவை போனிலிருந்து அழிக்காதீர்கள்.

11,500-ஐ மட்டும் கட்டுங்கள், பேங்க் வழியாக. பில்லில் 'ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது' என்று எழுதுங்கள். கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள். கடையின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் 'வேலை முழுத் திருப்தி' என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டீர்களானால் என்னிடம் வர வேண்டாம். வண்டி வந்ததும் வேறு மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். அவர் கை வைத்த பிறகு யார் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 வருஷம் இருக்கிறது. உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால், வழக்கே வேண்டாம். கம்பியை அவர் செலவில் மாற்றித் தரட்டும், பில்லில் நாலாயிரம் குறைக்கட்டும், ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படைப்புக்கு வண்டி வந்துவிடும். நாளைக்குக் காலையில் போய்ப் பேசுங்கள், மாற்றுச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.