ஒரு ராத்தல் அரிசியும் அரையணாவும்

கேள்வி: சென்னையில் பறக்கும் ரயிலுக்குக் கீழே நாறிக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய், அது பஞ்சத்தில் மக்களைக் காப்பாற்றவே வெள்ளைக்காரர்கள் வெட்டியது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: ஒரு துண்டுக்கு மட்டும் உண்மை. சென்னைக்கு வடக்கே, எண்ணூர்ப் பக்கம், 1806லேயே காக்ரேன் என்பவர் வெட்ட ஆரம்பித்துவிட்டார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர்தான் 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டியது. அப்போது கவர்னர் பக்கிங்காம் கோமகன். பெயர் வந்த கதை அதுதான்.

‘காப்பாற்றவே’ என்கிறாரே, அங்கேதான் எனக்குச் சிக்கல். 1877 ஜனவரியில் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடந்தது. அதே மாதம், சென்னை மாகாணம் நிவாரணத்துக்கு அதிகம் செலவழிக்கிறது என்று வைஸ்ராய் லிட்டன் அரசு ரிச்சர்ட் டெம்பிள் என்ற மூத்த அதிகாரியை இங்கே அனுப்பியது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு அதுவரை நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியக் கணக்கு. டெம்பிள் அதை ஒரு ராத்தலாக்கினார். மேற்கொண்டு அரையணா, அதாவது ரூபாயில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிடக் குறைவு.

நேற்று சமையலறைத் தராசில் ஒரு ராத்தல், அதாவது 450 கிராம் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு டம்ளரில் இரண்டரை வந்தது. “நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு நாளைக்கு இவ்வளவு சாப்பிடறதில்லையே” என்றாள் மனைவி. சரிதான். ஆனால் எங்களுக்குக் குழம்பு உண்டு, மோர் உண்டு, நாங்கள் மண்ணும் வெட்டுவதில்லை. வெயிலில் வெட்டிச் சுமந்தவருக்குப் பருப்பு, எண்ணெய், மிளகாய், விறகு அத்தனையும் அந்த அரையணாவுக்குள்! உப்பும்தான், அதற்கு வரி வேறு. மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், இந்தச் சாப்பாட்டில் ஆள் வேலை செய்ய முடியாது, உடம்பு கரைந்துபோகும் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அவரும் வெள்ளைக்காரர்தான் என்பதை உங்கள் நண்பருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

டெம்பிள் கல்நெஞ்சக்காரரா? அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. 1874இல் பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை லட்சக்கணக்கான டன் இறக்கிச் சாவைப் பெருமளவு தடுத்தவர் இதே மனிதர். அதற்குக் கிடைத்தது, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற திட்டு. சென்னைக்கு வரும்போது அது காதில் ரீங்கரித்துக்கொண்டே இருந்திருக்கும் என்பது என் ஊகம். கார்னிஷின் சண்டைக்குப் பலன் மே மாதம் கிடைத்தது, கூலியை உயர்த்தினார்கள். டெம்பிள் அப்போது இங்கே இல்லை. பம்பாய்க்குக் கவர்னராகப் போயாகிவிட்டது.